எட்டுக் கால்

மடிக்கணினியின் தாய்ப்பலகையில் பயாஸ் சில்லைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கறுப்புச் சதுரம். பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதற்குப் பக்கத்தில் இருப்பது முதல் கால். பொத்தானை அழுத்தியதும் கணினி முதலில் படிப்பது இதற்குள் இருப்பதைத்தான். அதுவரை விசைப்பலகை, திரை, வட்டு எதுவும் அதற்குத் தெரியாது. இதில் உள்ளது கெட்டுப்போனால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும்.

பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் என் அத்தையின் கணினிக்கு அதுதான் நடந்தது. பயாஸ் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனது. பேட்டரியோ எண்பது விழுக்காடு என்று காட்டிவிட்டு இரண்டே நிமிடத்தில் அணைந்துபோகிற ரகம். பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் சில்லைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். இருநூற்று ஐம்பது ரிங்கிட். கணினி ஓடவும் செய்தது. நிறுவனத்தின் சின்னம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

"ஃபார்மட் பண்ணிடலாம் டீச்சர், புதுசு மாதிரி ஓடும்" என்றாராம் கடைக்காரர்.

அத்தை ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாகத் தோட்டத்து மனிதர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்துப் பதிவுசெய்கிறார். லயங்கள் இடிபட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பிறகு மிச்சமிருக்கும் கிழவிகளும் கிழவர்களும். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது, பால்வாளி சுமப்பது, பிறப்புப் பத்திரத்துக்காகப் பல வருடம் அலைந்தது என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. எல்லாம் அந்த வட்டில்தான். வேறு பிரதி கிடையாது.

"ஃபார்மட்டுன்னா என்னான்னு எனக்குத் தெரியும்டா. அழிக்கிறதுக்கு அவன் வச்ச பேரு" என்று சொல்லிக் கணினியைத் தூக்கிக்கொண்டு செந்தூலுக்கு வந்துவிட்டார். கூடவே ரசீது. ரசீதின் பின்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது அந்தப் பழைய சில்லு. மோட்டார் ரிப்பேரானாலும் மிக்சி ரிப்பேரானாலும் கழற்றிய சாமானைக் கேட்டு வாங்கி வருவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். கடைக்காரர் ஏமாற்றக்கூடாது என்பதற்காகத் தொடங்கியது. இந்த முறை அது வேறு காரணத்துக்கு உதவியது.

பழுதுபார்ப்பவர்கள் பலர் பயாஸ் கோப்பை மாடலுக்கு ஒன்று என்று நினைக்கிறார்கள். அதே மாடலின் கோப்பை இணையத்தில் இறக்கிப் புதுச்சில்லில் எழுதினால் கதை முடிந்தது. கணினியும் எழுந்துவிடுகிறதே, அப்புறம் என்ன? ஆனால் அந்த எட்டு மெகாபைட்டுக்குள் இருப்பது நிரல் மட்டுமில்லை. வரிசை எண், அடையாளக் குறி, விண்டோஸ் உரிமத்தின் சாவி, பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அத்தையின் கணினியில் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒட்டியிருந்த வரிசை எண் ஒன்று, திரை காட்டியது வேறொன்று. யாரோ ஒருவருடைய கணினியின் நகலைப் போட்டிருக்கிறார்கள்.

வட்டு ஏன் திறக்கவில்லை என்பதற்கும் காரணம் இதுதான். இப்போதைய விண்டோஸ், மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கணினிகளில் வட்டைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடும். அத்தைக்கு இது தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கோ 2018இல் கணினி வாங்கிய அன்று யாரோ ஒரு பையன் திறந்து கொடுத்தது. அந்தத் தொலைபேசி எண் இப்போது இல்லை. இன்னொரு வழி, கணினி தானே திறப்பது. அதற்கான பெட்டகம் இந்த மாடலில் தனிச்சில்லாக இல்லை, இன்டெல்லின் உள்மென்பொருளுக்குள் இருக்கிறது. அது தன் குறிப்புகளைப் பூட்டி இதே பயாஸ் சில்லின் ஒரு பகுதியில்தான் எழுதிவைக்கிறது. அதைத் திறக்கும் இரகசியம் தாய்ப்பலகையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வட்டு திறக்கும். பலகை பழையது, சில்லு அந்நியம் என்றால் நீலத்திரைதான்.

ஆக, செல்லோடேப்பில் ஒட்டியிருந்ததுதான் சாவியின் பாதி.

படிக்கும் கருவி மலிவு. சிஎச்341ஏ என்று ஒரு யூஎஸ்பி பலகை, சில ரிங்கிட்தான். இதில் கறுப்பு நிறத்தில் வருவதில் ஒரு கோளாறு பலருக்கும் தெரியும்: சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தகவல் கம்பிகளில் 5 வோல்ட் வரும். பல சில்லுகள் தாங்கிக்கொள்ளும். தாங்கிக்கொள்ளும் என்று நம்பி அத்தையின் சில்லைச் செருக எனக்கு மனசில்லை. மின்னழுத்தம் மாற்றக்கூடிய வேறொன்றை நண்பரிடம் வாங்கி, மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சில்லின் முதுகில் இருக்கும் எழுத்தையும் பூதக்கண்ணாடியில் படிக்க வேண்டும். வின்பாண்ட் 25கியூ64க்குப் பிறகு வரும் ஓரிரு எழுத்துதான் அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று சொல்லும். எஃப்வி என்றிருந்தது. 3.3.

முதல் வாசிப்பு முழுக்க எஃப்எஃப். காலியான ஃப்ளாஷ் அப்படித்தான் தெரியும், கால் சரியாகத் தொடாவிட்டாலும் அப்படித்தான் தெரியும். இது பரவாயில்லை, பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும். பயப்பட வேண்டியது பாதி சரியான வாசிப்புக்கு. இரண்டாவது வாசிப்பு அப்படித்தான் வந்தது: 8,388,608 பைட், உள்ளே நிறுவனத்தின் பெயரெல்லாம் இருந்தது. மூன்றாவது முறை படித்து இரண்டின் எஸ்எச்ஏ-256 கூட்டெண்ணையும் ஒப்பிட்டால் வேறுவேறு. எங்கோ ஒரு பிட் பொய் சொல்கிறது. எது உண்மை என்று ஒரே ஒரு வாசிப்பை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவே முடியாது.

கால்களில் கடைக்காரரின் ஈயப்பிசிறும் ஃப்ளக்ஸ் கறையும் இருந்தன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்து, பிசிறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்புறம் படித்த நான்கும் ஒரே கூட்டெண். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு தடவை கேட்டாலும் ஒரே மாதிரி சொன்னாத்தான் நம்புவியா?" என்றார். அவர் கிழவிகளிடம் அப்படித்தான் செய்வாராம், ஒரே சம்பவத்தை வேறுவேறு நாளில் கேட்பது.

கோப்பைத் திறந்து பார்த்ததில் தொடக்கத்துப் பகுதிகள் நலம். இன்டெல் பகுதி நலம். அமைப்புகள் சேமிக்கும் இடமும் நலம். நிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பெரிய ஓட்டை, வரிசையாக எஃப்எஃப். மின்சாரம் போன இடம் எதுவென்று விரல் வைத்துக் காட்டலாம். சில்லு கெடவே இல்லை, எழுத்து பாதியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். உற்பத்தியாளர் தரும் கோப்பிலிருந்து நிரல் பகுதியை மட்டும் எடுத்து அந்த ஓட்டையில் வைத்தேன். மற்ற எதையும் தொடவில்லை.

இதைப் பழைய சில்லிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அது ஒன்றுதான் மூலம். புதுச்சில்லு ஐந்து வாங்கினேன். 'புதியது' என்று போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தால் உள்ளே வேறொரு நிறுவனத்தின் பயாஸ், வேறொரு வரிசை எண். எங்கோ குப்பைக்குப் போன கணினியின் பலகையிலிருந்து உரித்து, கால் பளபளப்பாக்கி விற்றிருக்கிறார்கள். அழித்துவிட்டு எழுதினேன். சரிபார்ப்பு தோல்வி. திரும்பப் படித்தால் கடைசிக் கால்பங்கில் பழையவருடைய எழுத்து அப்படியே நிற்கிறது.

இந்த நினைவகத்தின் இயல்பு கொஞ்சம் விசித்திரம். எழுதுவது என்றால் ஒன்றைப் பூஜ்யமாக்குவது மட்டும்தான். பூஜ்யத்தைத் திரும்ப ஒன்றாக்க வேண்டுமென்றால் அந்தத் துண்டு முழுவதையும் ஒரே அடியாக அழிக்க வேண்டும். தோஷிபாவில் மசுஒகா இதைக் கண்டுபிடித்தபோது, மொத்தமாக அழிவது கேமரா மின்னலை நினைவூட்டுகிறது என்று உடன்பணிபுரிந்த ஒருவர் சொல்லித்தான் 'ஃப்ளாஷ்' என்ற பெயரே வந்தது. எழுதுவதால் வந்த பெயரல்ல, அழிப்பதால் வந்த பெயர். என் சில்லில் அந்த அழிப்புதான் நடக்கவில்லை. முந்தைய வாழ்க்கையில் யாரோ ஒரு பகுதிக்குப் பாதுகாப்பு பிட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் சில்லு அழிக்கும் கட்டளையைக் கேட்கும், ஆனால் செய்யாது, பிழை என்றும் சொல்லாது. நிலைப்பதிவேட்டில் அந்த பிட்களை நீக்கி, அழித்து, காலியா என்று பார்த்து, எழுதி, சரிபார்த்தேன். இந்தத் தடவை பொருந்தியது.

ஒட்டும் வேலை பத்து நிமிடம். புள்ளி பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கறுப்புத்திரை. விசிறி முழுவேகத்தில் சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது. நினைவகத்தைப் புதிதாகப் பழக்கிக்கொள்ள இப்படித் தானாக மறுதொடக்கம் ஆவது வழக்கம்தான். தெரிந்திருந்தும் அந்த ஒன்றரை நிமிடம் இருவரும் பேசவில்லை. சின்னம் வந்தது. நீலத்திரை வரவில்லை. கடவுச்சொல் கேட்டது, அத்தை அடித்தார். திறந்தது.

இன்னும் புதிய சில கணினிகளில் இந்த வழி பலிக்காது. பழைய பிரதியைத் திரும்பப் போடுவதையே கண்டுபிடித்து மறுக்கும் எண்ணிகள் சில்லிலேயே வந்துவிட்டன. திருட்டுக்கு எதிராக அது நியாயம்தான். அத்தை மாதிரி ஆட்களைப் பற்றி அதைச் செய்தவர்கள் யோசித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

பதிவுகளை இரண்டு வெளிவட்டுகளுக்கு நகலெடுக்க ராத்திரியாகிவிட்டது. அதற்குள் மீட்புச் சாவியைத் திரையில் வரவழைத்தேன். அச்செடுக்கலாம் என்றேன். அத்தை கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய வருகைப்பதிவேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம் எழுதினார். பிறகு என்னைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பேர் கூப்பிடுகிற குரலில் ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்ததுக்குப் போனார்.