வட்டி குட்டி போட்ட கதை

கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் நீளக் கொம்போடு ஒரு விலங்கின் தலை இருக்கும். அதுதான் அரேபிய ஓரிக்ஸ். மான் மாதிரி, ஆனால் கட்டுமஸ்தான ஆசாமி. வெள்ளை உடம்பு, ஈட்டி போல இரண்டு கொம்பு. மேய்கிற புல்லின் ஈரத்தை வைத்தே வாரக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் பாலைவனத்தில் ஓட்டிவிடும்.

வெயிலைத் தாங்கியது. ஜீப்பையும் துப்பாக்கியையும் தாங்க முடியவில்லை. 1972-ல் ஓமனின் ஜித்தத் அல் ஹராசிஸ் பாலைவனத்தில் கடைசிக் காட்டு ஓரிக்ஸும் காலி.

நல்லவேளை, சிலர் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். 1962-லேயே ஏடனுக்குக் கிழக்கே போய்ப் பிடித்துவந்தது மூன்று. லண்டன் மிருகக்காட்சி சாலை, குவைத் ஷேக், சவுதி மன்னர் கொடுத்ததையும் சேர்த்து மொத்தம் 9. அதே மாதிரி வெயில் கொளுத்தும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கொண்டுபோய் வளர்த்தார்கள். பி.காம். படித்தவனுக்கு இது முதலீடாகத்தான் தெரியும். வட்டி குட்டி போடும் என்பார்களே, இங்கே நிஜமாகவே போட்டது!

1982-ல் அந்த வம்சத்தில் வந்த 10 ஓரிக்ஸ்களை ஓமனின் அதே பாலைவனத்தில் திறந்துவிட்டார்கள். காவலுக்கு யார் தெரியுமா? அங்கேயே ஆடும் ஒட்டகமும் மேய்க்கிற ஹராசிஸ் இன மக்கள். 1994-ல் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1996-ல் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது.

இங்கேயே 'சுபம்' போட்டிருக்கலாம். போட முடியவில்லை. அதே 1996-ல் திருட்டு ஆரம்பித்தது. இந்தத் தடவை உயிரோடு பிடித்தார்கள், அதுவும் பெண் ஓரிக்ஸ்களாகப் பார்த்து. வெளிநாட்டுப் பணக்காரர்களின் சொந்த மிருகக்காட்சி சாலைகளுக்கு விற்க! சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். அழியப்போகிறது என்ற பெயரே அதற்கு விலையை ஏற்றிவிட்டது.

2007-ல் மிச்சம் 65. எண்ணெய் தேடுவதற்காக அரசாங்கம் சரணாலயத்தில் 90 சதவிகிதத்தை வெட்டியது. யுனெஸ்கோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் என்ற பெயர்தான் கிடைத்தது.

ஆனாலும் கணக்கு நஷ்டத்தில் முடியவில்லை. முதலை ஒரே இடத்தில் போடாமல் சவுதி, எமிரேட்ஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். 2011-ல் காட்டில் திரிந்தவை சுமார் ஆயிரம். காட்டில் அடியோடு அழிந்த ஒரு விலங்கு இவ்வளவு தூரம் மீண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

கூண்டில் பெருக்குவது பாதி வேலைதான் சார். திறந்துவிட்ட பிறகு காவல் காப்பதுதான் மீதி. அந்தச் செலவுக்கு மட்டும் எந்த பட்ஜெட்டிலும் கடைசித் தேதி போடக் கூடாது.