காவிரி கடலைத் தொடும் மாதம்

"பூம்புகாருக்குப் போகிறேன்" என்று நான் சொன்னதும் காரியாலயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மார்கழி மாதம், மழை முழுக்க விட்டபாடில்லை. இந்த நாளில் யாராவது கடற்கரையில் நடக்கப் போவார்களா? "சித்ரா பௌர்ணமிக்குப் போங்கள் ஐயா, இந்திர விழாவாவது பார்க்கலாம்!" என்று யோசனை சொன்னார் ஒரு நண்பர்.

நேயர்களே, நான் போனதற்குக் காரணம் உண்டு.

எனக்குச் சொந்த ஊர் குத்தாலம். அருவி கொட்டும் குற்றாலம் என்று நினைத்துவிடாதீர்கள்! இது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், காவிரியின் தென்கரையில் இருக்கும் குத்தாலம். பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பூம்புகார்ப் பையன். அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். "உங்க ஊர் ஆறு எங்க ஊர்லதான்டா முடியுது. கோடையிலே வந்தா வாயிலே மணல் அடைச்சுக் கிடக்கும். மார்கழியிலே வா, மணலை உடைச்சுக்கிட்டுக் கடல்லே விழும். பார்த்துட்டு அப்படியே தரங்கம்பாடி வரைக்கும் நடக்கலாம்" என்பான்.

2004-ம் வருஷம் அரையாண்டு லீவுக்கு அழைத்தான். நான் துணிமணிகூட எடுத்து வைத்துவிட்டேன். "மழையிலும் குளிரிலும் கடற்கரையா? மார்ச்சளி பிடிக்கும், போகக் கூடாது" என்று அம்மா தடுத்துவிட்டாள். இரண்டு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுத்திரம் ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பூம்புகாரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அம்மாவும் நானும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நானும் பூம்புகார்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சென்ற மார்கழியில்தான் மனம் துணிந்தது.

மயிலாடுதுறையில் பஸ் ஏறினேன். இரு பக்கமும் பச்சை வயல். சாலையோர வாய்க்காலெல்லாம் தண்ணீர். பூம்புகாரில் இறங்கினால் ஆளரவமே இல்லை. 1973-ல் கட்டிய ஏழு நிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. சங்குமாலைக் கடைகளுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். திறந்திருந்தது ஒரே ஒரு டீக்கடைதான்.

"இப்ப எதுக்குத் தம்பி வந்தீங்க? சீசன் இல்லியே!" என்றாள் கடைக்கார ஆச்சி.

"காவிரி கடலில் விழுவதைப் பார்க்க" என்றேன்.

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படீன்னா சரியான நாள்லதான் வந்திருக்கீங்க" என்று சொல்லி, டீயில் இன்னும் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டாள்.

சங்கமத்தில் போய் நின்றேன். குடகிலே பிறந்து, மேட்டூரிலும் கல்லணையிலும் தேங்கிப் பிரிந்து, வயலுக்கெல்லாம் பங்கு கொடுத்த பிறகு மிச்சமிருப்பது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். ஆனாலும் அந்தச் செந்நிறத் தண்ணீர் மணலை அறுத்துக்கொண்டு அலைக்குள் புகுந்ததைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

பிறகு தெற்கே வானகிரிப் பக்கம் நடந்தேன். படகுகளைக் கரையேற்றிவிட்டு வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். "தரங்கம்பாடி வரை கரையோடு போகலாமா?" என்று கேட்டேன். "இப்ப முடியாது சார். வழியிலே முகத்துவாரமெல்லாம் திறந்து கிடக்கு" என்றார் ஒரு பெரியவர். ஆறு கடலைத் தொடும் மாதத்தில் மனிதன் நடக்க வழியில்லை! அதை மட்டும் என் சிநேகிதன் யோசிக்கவில்லை போலிருக்கிறது. முதல் தடவையாக அவனை நினைத்துச் சிரித்தேன்.

இந்திர விழா எடுக்க மறந்ததால்தான் பழைய புகார் நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. அவ்வளவு பெரிய துயரத்துக்கு யார்மேலாவது குற்றம் இருந்தாக வேண்டும் என்று மனித மனம் நினைக்கிறது, பாருங்கள். நானும் அப்படித்தான். அவனைத் தனியாக விட்டது என் குற்றம், தடுத்தது அம்மாவின் குற்றம் என்று மனத்துக்குள் இத்தனை வருஷம் வழக்கு நடத்தியிருக்கிறேன். அன்று காலை சுமத்ராவுக்கு அப்பால் கடலுக்கடியில் பூமி பிளந்தது. விழாவைக் கேட்டா பிளந்தது? என் அம்மாவைக் கேட்டா பிளந்தது?

இரவு வீடு திரும்பினேன். அம்மா விழித்திருந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டாள்.

தோசையை இலையில் போட்டுவிட்டு, வெகு நேரம் கழித்து, "தண்ணி நிறையப் போகுதா?" என்று கேட்டாள்.

"போகிறது அம்மா. கடல் வரைக்கும் போகிறது" என்றேன்.

"நம்ம படித்துறையைத் தொட்டுக்கிட்டுப் போன தண்ணிதானே" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மார்கழிக்கு அம்மாவையும் அழைத்துப் போவதாக இருக்கிறேன்.