சீட்டில் வந்த வேடம்

கோடை விடுமுறை நாள்கள், ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள முந்திரிக் கொல்லைகளில் பழம் உதிரும் நாள்களும் ஆகும். பெரியவர்கள் விடியற்காலையிலேயே கொட்டை பொறுக்கச் சென்றுவிடுவர். வீட்டில் எஞ்சும் சிறுவர்க்குத் திண்ணை நிழலும் பழைய கணக்கு நோட்டின் கடைசித் தாளும் போதும். அத்தாளை ஐந்தாகக் கிழித்து, ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டால் ஓர் அரசாங்கமே திண்ணையில் அமைந்துவிடும்.

ஆளுக்கொரு சீட்டு எடுப்பர். ராஜாவும் போலீஸும் தம்மை வெளிப்படுத்திக்கொள்வர். மற்ற மூவரும் முகத்தில் எதையும் காட்டாமல் அமர்ந்திருக்க, அவர்களுள் திருடன் யாரெனப் போலீஸ் சுட்டிக்காட்ட வேண்டும். சரியாகச் சுட்டினால் மதிப்பெண் போலீஸுக்கு, தவறினால் திருடனுக்கு. மதிப்பெண் கணக்குத் தெருவுக்குத் தெரு மாறும். ராஜாவுக்கு 1000, திருடனுக்குச் சுழியம் என்பது மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

ஒரு நண்பகலில், ஏழாம் வகுப்பு முடித்த சிறுமி ஒருத்திக்கு மூன்றாம் முறையாகத் திருடன் சீட்டே வந்தது. தம்பிக்கோ இரண்டாம் முறையாக ராஜா. அவள் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: “ராஜா என்னடா செஞ்சாரு, ஆயிரம் வாங்க?”

“ராஜான்னா அப்படித்தான்க்கா.”

தம்பியின் விடையைக் குறைகூற முடியாது. வெற்றி கொண்டதைப் பெயரிலேயே சுமக்கும் ஊர் அது. சற்றுத் தொலைவில், கங்கைவரை சென்ற படையெடுப்பின் நினைவாக முதலாம் இராசேந்திரன் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம். இத்தகைய மண்ணில் ராஜாவுக்கு ஆயிரம் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? ஆயினும் அச்சிறுமியின் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வேடம் யாரால் தரப்படுகிறது, அதன் மதிப்பை யார் முடிவு செய்கிறார் என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

இதே வினா, கடல் கடந்த நாடுகளில் பெரியவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளிலும் எழுந்தது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். ஆடுபவர் ஒரு கதைமாந்தராகவே மாறிப் பேசி, முடிவெடுத்து, ஆபத்துகளைக் கடக்க வேண்டும். போர்வீரர், மாயவித்தைக்காரர், சமயகுரு என மூன்றே பாத்திர வகைகள் தொடக்கத்தில் இருந்தன. வலிமை, அறிவு முதலிய ஆறு இயல்புகளின் அளவை, மூன்று பகடைகளை உருட்டி அறிவர். மூன்று முதல் பதினெட்டுவரை எது விழுந்தாலும் அதுவே அம்மாந்தரின் பிறவிக்குணம். திண்ணையில் சீட்டு செய்ததை அங்கே பகடை செய்தது.

அடுத்த ஆண்டே, 1975இல், துணைநூல் ஒன்றின் வழியாகத் திருடனும் ஒரு பாத்திர வகையாக வந்து சேர்ந்தான். ஆனால் அவன் சுழியம் வாங்கும் திருடன் அல்லன். பூட்டைத் திறக்கவும் ஓசையின்றி நடக்கவும் தெரிந்த அவனில்லாமல் குழு பல இடங்களைக் கடக்க இயலாது. பின்னர், 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் உருவாக்கிய ‘கர்ப்ஸ்’ என்னும் ஆட்டம், பாத்திரத்தை ஆடுபவரே வனைந்துகொள்ளும் முறையைக் கைக்கொண்டது. குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தரப்படும்; அவற்றைக் கொடுத்துத் திறன்களை வாங்கிக்கொள்ளலாம். பார்வைக் குறை, அச்சம், கொடுத்த வாக்கை மீறாமை போன்ற கட்டுகளை ஏற்றால் கூடுதல் புள்ளிகள் கிட்டும். வாக்குத் தவறாமையைக் குறைகளோடு சேர்த்து எண்ணிய கணக்கு சற்று வேடிக்கையானதுதான். எனினும் அதில் நுட்பம் உண்டு: எதையும் செய்ய வல்லவருக்கு ஆட்டமே இல்லை. ஒன்றைச் செய்ய முடியாதபோதுதான் மாந்தர் யோசிக்கத் தொடங்குகிறார்.

ஜெயங்கொண்டத்துச் சிறுமி இவ்வாட்டங்களைக் கேள்விப்பட்டவள் அல்லள். அவள் செய்தது இதுதான்: மந்திரிச் சீட்டை எடுத்தாள், எழுத்தை அடித்தாள், அதன் பின்புறத்தில் ‘கொட்டை பொறுக்குறவங்க’ என்று எழுதினாள்.

சிறுவர்கள் சிரித்தனர். “அவங்க என்ன செய்வாங்க?” என்றான் தம்பி. பெயரை மாற்றுவது எளிது. இவ்வினாவுக்கு விடை சொல்வதே கடினம். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, விடியலிலிருந்து கொல்லையில் குனிந்து நிற்பவர்க்கு யார் வந்தார், யார் போனார் என்பது தெரியும் என்றாள். ஆகவே எல்லாரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துக் கண்களை மூட, அவர் மட்டும் ஏதேனும் ஒரு சீட்டைப் பார்க்கலாம். ஆனால் தாமாக முன்வந்து சொல்லக்கூடாது. போலீஸ் கேட்டால்தான் சொல்லலாம். போலீஸும் ஒருவரிடம் மட்டுமே கேட்கலாம்.

“திருடன்கிட்டயே கேட்டுட்டா?”

“அவன் பொய் சொல்லலாம். நான்தான் கொட்டை பொறுக்குனேன்னு சொல்லலாம்.”

அந்த ஒரு விதியால் ஆட்டம் தலைகீழாயிற்று. திருடனுக்குப் பேச வாய் கிடைத்தது. போலீஸுக்கு யாரை நம்புவது என்னும் கவலை பிறந்தது. இப்போது ராஜாதான் வெறுமனே உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு அவருடையதாக இருக்கட்டும் என்றும், குற்றமற்றவர் பிடிபட்டால் அவருடைய ஆயிரமும் போய்விட வேண்டும் என்றும் எல்லாரும் சேர்ந்து விதித்தனர். கோவலன் கதையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதற்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. தம்பி மட்டும் முணுமுணுத்தான். அடுத்த சுற்றில் அவனுக்கு மீண்டும் ராஜாவே வந்தது. இம்முறை அவன் சிரிக்கவில்லை. போலீஸ் சுட்டிய முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறி அம்மா திரும்பியபோது ஆட்டம் முடிந்திருக்கவில்லை. கொட்டைச் சாக்கைத் திண்ணை ஓரத்தில் சாய்த்துவிட்டு, பழச்சாறு காய்ந்து கறை பிடித்த விரல்களால் தரையில் கிடந்த சீட்டொன்றை எடுத்துப் பிரித்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“இதுக்கு எத்தனை மார்க்கு?”

சிறுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதை இன்னும் அவர்கள் எழுதியிருக்கவில்லை.