சம்பளச் சீட்டுக்குப் பதில் அடங்கல்

சம்பளச் சீட்டு கேட்கும் இடத்தில் நாங்கள் அடங்கல் நகலை வைத்தோம். ஜெர்மனிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் விசாவுக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களின் பட்டியலை ஒருமுறை படித்தாலே போதும், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களை நினைத்து எழுதியது என்று புரிந்துவிடும். நிறுவனத்தின் கடிதம், விடுப்பு தந்ததற்கான அத்தாட்சி, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு. பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், பாலாறு-பொருந்தலாறு அணையை ஒட்டி இருக்கிறது பாலசமுத்திரம். இங்கே தென்னையும் மாவும் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு யார் விடுப்புக் கடிதம் தருவார்கள்?

தங்கை கல்யாணமாகி டோர்ட்மண்டில் இருக்கிறாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹம் என்ற ஊர். 1980-களில் போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போன ஈழத்தமிழர்கள் அங்கே காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு பெரிய கோவில் கட்டி 2002-ல் குடமுழுக்கு நடத்தினார்கள். கோடை தொடங்கும் நேரத்தில் தேர் ஓடுகிறது. பழனித் தேரைப் பார்த்தே வளர்ந்த அம்மாவுக்கு அந்தத் தேரைப் பார்க்க ஆசை. தங்கை பெற்ற பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளும் ஆசை அதைவிடப் பெரியது. அம்மா, நான், மனைவி, பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன் என ஐந்து பேர் பள்ளி விடுமுறையில் போய்வரலாம் என்று முடிவு செய்தோம்.

விசா அதிகாரி ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்: இவர்கள் சொன்ன நாளில் ஊர் திரும்புவார்களா? மற்ற காகிதங்களெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றி வருபவைதான். இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை.

"ஏஞ்சாமி, தேங்கா வெட்டு வருதில்ல? அதுக்கு வராம நாம எங்க போயிருவோம்?"

அந்தப் பதிலைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கினோம். எங்கள் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பிய பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும் என்பது ஜெர்மனி உட்பட்ட ஷெங்கன் நாடுகளின் விதி. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவர் தலைமுறையில் யாருக்கு இருக்கிறது? 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியதால் ஆதாரையும் பான் அட்டையையும் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறார்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழும் கேட்பதில்லை. அந்தத் திருத்தம் அம்மாவைப் போன்ற கிராமத்துத் தாய்மார்கள் பலருக்கு வேலையை எளிதாக்கியது.

பெயர் வேறு கதை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. விசா விண்ணப்பத்தின் முதல் கட்டமே குடும்பப் பெயரைக் கேட்கிறது. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்துத் தகப்பன் பெயரைப் போட்டவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள்தான் தவிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு இறங்கி வந்தது. துபாய்க்கு ஆள் போகாத தெரு நம் பக்கத்தில் அபூர்வம் என்பதால் இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போதே இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது நல்லது.

எங்கள் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று 'சமுத்ரம்', இன்னொன்று 'சமுத்திரம்'. ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று. பார்க்கிறவருக்கு இரண்டு ஊர் போலத் தெரியும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்றவற்றைத் திருத்தினோம். திருத்த முடியாதவற்றுக்கு, இரண்டும் ஒரே ஊர் என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதினோம்.

அதிக நாள் பிடித்தது நிலம். அப்பா காலமாகிப் பல வருடமாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. நம் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. விற்கவோ கடன் வாங்கவோ போகும்வரை யாரும் பட்டாவைத் தொடுவதில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தோம். வாரிசு மூன்று பேர்: அம்மா, நான், தங்கை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1989-லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஆனாலும் தங்கைகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது இன்னும் நடக்கிறது. நாங்கள் வாங்கவில்லை. மூன்று பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக வந்தது. விண்ணப்பக் கட்டில் அதைவிடப் பலமான காகிதம் வேறில்லை. அங்கே அழைக்கிற தங்கையின் பெயரும் இங்கிருந்து போகிற அம்மாவின் பெயரும் என் பெயரும் ஒரே தாளில், அரசு முத்திரையோடு இருக்கின்றன. உறவுக்கும் அதுவே சாட்சி, ஊர் திரும்புவோம் என்பதற்கும் அதுவே சாட்சி.

பட்டா நிலம் யாருடையது என்றுதான் சொல்லும். அதில் என்ன விளைகிறது என்பதை அடங்கல் சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட நகலில் 'பசலி 1434' என்று இருந்தது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. 1434 என்றால் 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை. தென்னை என்று எழுதியிருந்த வரியில் பரப்பு 0.81.0. அது இரண்டு ஏக்கர். வெளிநாட்டு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு 1434 என்பது ஐந்தாறு நூற்றாண்டு பழைய காகிதம் போலத் தோன்றும், 0.81.0 என்றால் ஒன்றுமே புரியாது. மொழிபெயர்ப்பாளரிடம் உட்கார்ந்து, பசலிக்குப் பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் பரப்புக்குப் பக்கத்தில் ஹெக்டேர் என்றும் எழுதச் சொன்னோம். நோட்டரி முத்திரை வைத்தபின் தமிழ் நகலையும் ஆங்கிலப் பிரதியையும் ஒன்றாக இணைத்தோம்.

அடுத்தது பணம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வரி இல்லை என்பதால் கணக்கும் வேண்டாம் என்று பெரும்பாலான விவசாயிகள் விட்டுவிடுகிறார்கள். கணக்குத் தாக்கல் செய்யத் தடை எதுவும் கிடையாது. விலக்கு பெற்ற வருமானம் என்ற பகுதியில் காட்டலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் முதல் படிவம் செல்லாது, இரண்டாம் படிவத்துக்குப் போக வேண்டும். ஆடிட்டர் ஒருவரிடம் கொடுத்தால் சொற்பச் செலவில் முடிந்துவிடும். இதோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரின் வருமானச் சான்றிதழும் வாங்கி வைத்தோம்.

விளைச்சல் பணம் கையில்தான் வருகிறது. மாங்காய் குத்தகைக்காரர் நோட்டாகத் தருவார், தேங்காய் வியாபாரியும் அப்படியே. அந்தப் பணம் பீரோவில் இருந்துவிட்டு, விசாவுக்கு முந்தைய வாரம் மொத்தமாக வங்கிக்குப் போனால் கடன் வாங்கிக் கட்டிய பணம் என்றே அதிகாரி நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கை முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வந்த பணத்தை அந்த வாரமே கணக்கில் போட்டோம். மண்டிச் சீட்டையும் தேதி வரிசையில் சேர்த்து வைத்தோம். வங்கித் தாளில் வரவு இருக்கும் தேதியும் சீட்டின் தேதியும் அடுத்தடுத்து நின்றன.

ஏஜென்ட் ஒருவர், "எல்லாம் நான் பார்த்துக்கிறேங்க, கணக்குல பணமும் காட்டிரலாம், கம்பெனி லெட்டரும் போட்டுரலாம்" என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம். இல்லாத கம்பெனியின் கடிதத்தை வைத்தால் உண்மையான பட்டாவும் பொய்யாகிவிடும். விண்ணப்பத்தை நிரப்ப உதவி கேட்பதில் தவறில்லை. கணினி தெரியாதவர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் உங்கள் பெயரில் என்ன காகிதம் உள்ளே போகிறது என்பதை ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். பொய்க் காகிதத்துக்கு வரும் பழி விண்ணப்பித்தவர் தலையில்தான் விழும்.

அம்மாவின் செலவை மட்டும் தங்கை ஏற்றாள். ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அங்கே வசிப்பவர் தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், 29 யூரோ கட்டி, வருமானத்தைக் காட்டி, இவர் தங்கும் நாள்வரை ஆகும் செலவெல்லாம் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் அசல் பிரதி கூரியரில் வந்தது. எங்கள் நால்வர் செலவையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஐவருக்கும் கட்டாயம். அம்மாவின் வயதுக்கு அது கூடுதல் தொகை. விமானத்துக்கு முன்பதிவு மட்டும் காட்டினால் போதும், விசா கைக்கு வருமுன் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். பல நாடு போகிறவர்கள் எங்கே அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். பதினைந்து நாள் மிச்சமிருக்கும்வரை கொடுக்கலாம் என்றாலும் கோடையில் அப்படி நம்பி இருக்கக் கூடாது.

முகப்புக் கடிதத்தை நானே எழுதினேன். ஒரு பக்கம்தான். நாங்கள் யார், எங்கே போகிறோம், யார் வீட்டில் தங்குகிறோம், என்ன பயிர் செய்கிறோம், எந்த வாரம் தேங்காய் வெட்டு, எந்த நாள் பள்ளி திறக்கிறது. அம்மா சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

பாலக்காட்டிலிருந்து பழனி வழியாகப் போகும் இரவு ரயிலில் சென்னைக்குக் கிளம்பினோம். அங்கே விசா விண்ணப்ப மையத்தில் காகிதங்களை வாங்கியவர் அடங்கலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொழிபெயர்ப்பைப் பார்த்ததும் தலையாட்டி அடுக்கினார். பிறகு கைரேகை. அம்மாவின் விரல்களைக் கண்ணாடித் தகடு ஏற்கவில்லை. ஐம்பது வருடமாக நார் உரித்து, பாத்தி கட்டி, பால் கறந்த விரல்களில் ரேகை எங்கே மிஞ்சியிருக்கும்? பொறுப்பில் இருந்த இளம்பெண் அவசரப்படவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கம்மா" என்று தன் கையை மேலே வைத்து அழுத்தினாள். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரையில் பச்சை விழுந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்பதால் மகனுக்கு ரேகை கேட்கவில்லை. அவனுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

கட்டணம் பெரிய பாரம், அதைச் சொல்லியே ஆகவேண்டும். 2024 ஜூன் 11 முதல் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 45. எங்கள் குடும்பத்துக்கு 405 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நம் காசில் நாற்பதாயிரம் தாண்டுகிறது. விசா மறுத்தாலும் அது திரும்பாது. 2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 1,65,000 பேருக்கு மறுப்பு வந்தது. மறுப்புக்கு எதிராகத் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியையும் 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி எடுத்துவிட்டது. மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு கிராமத்துக் குடும்பம் பெர்லினில் வழக்கு நடத்துமா? அந்த வழியை எடுத்தது நியாயமில்லை.

ஐவருக்கும் விசா வந்தது. அம்மா தேர் வடத்தைத் தொட்டார், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார், தேங்காய் வெட்டுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தோம். சொன்ன நாளில் திரும்பியதற்கும் மதிப்பு உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் விதி செய்திருக்கிறது.

அடுத்த கோடைக்கு மகளையோ மகனையோ பார்க்கப் போக நினைக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் இந்த மாதமே பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் மகளின் பெயரை அதிலிருந்து எடுக்காதீர்கள். மண்டிப் பணத்தை வாங்கிய வாரமே வங்கியில் போடுங்கள். வரி இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கை ஜூலை 31-க்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.