பால்கோவா, காராச்சேவு, பரோட்டா, அப்பாவோட கால்

ஒரு வாரமா என் டைம்லைன் முழுக்க வியட்நாம், பாங்காக், பாலி. ரோட்டோரக் கடையில நின்னு சாப்பிடுறீங்க, கார் எடுத்துட்டு ஊர் சுத்துறீங்க, போட்டோ போடுறீங்க. பார்க்க சந்தோஷமா இருக்கு. நாங்களும் போன ஆவணியில ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு ரோடு ட்ரிப் போனோம். பாஸ்போர்ட் தேவைப்படல. மதுரையில கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், விருதுநகர், திரும்ப மதுரை. மொத்தமே 200 கிலோமீட்டருக்குள்ள.

சாப்பாட்டைப் பத்தி எழுதலாம்னுதான் ஆரம்பிக்கிறேன். ஆனா வேற ஒரு இடத்துல போய் நிக்கும். கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல சர்க்கரை உள்ளவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

அப்பாவுக்கு 71 வயசு. சர்க்கரை வந்து 18 வருஷம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதயத்துல ஒரு ஸ்டென்ட் வச்சோம். கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் சிவகாசியில ஒரு அச்சகத்துல வேலை பார்த்தவர். ஸ்டென்ட் வச்ச நாள்ல இருந்து ஒரே பாட்டு: "ஒரு தடவை சிவகாசியைப் பார்த்துட்டு, வர்ற வழியில விருதுநகர்ல ரெண்டு பரோட்டா சாப்பிட்டுட்டு வந்துரணும் தாயி."

நான் டாக்டர் மகளாச்சே. "பார்க்கலாம்பா"ன்னே ரெண்டு வருஷத்தை ஓட்டிட்டேன்.

அந்த மாசம் அவரோட மூணு மாச சர்க்கரை சராசரி, அதாவது எச்பிஏ1சி, 7.2 வந்துச்சு. அவருக்கு அது நல்ல நம்பர். பிரஷரும் சரியா இருந்துச்சு. ராத்திரியில "கால் எரியுது"ன்னு முன்னாடியெல்லாம் தூங்கவே மாட்டார். அதுவும் நின்னு போச்சு. "எரிச்சல் சுத்தமா இல்ல தாயி, நல்லாயிருச்சு"ன்னார். எனக்கும் நிம்மதி. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

கிளம்பும்போது சுகர் பார்க்கிற மெஷின், பிரஷர் மெஷின், மாத்திரை டப்பா, சர்க்கரை இறங்கிட்டா கொடுக்க குளுக்கோஸ் எல்லாம் எடுத்து வச்சேன். அம்மா பார்த்துட்டு, "இது காரா, ஆம்புலன்ஸாடி?"ன்னாங்க.

டி.கல்லுப்பட்டி தாண்டி கிருஷ்ணன்கோவில் நெருங்கும்போது வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர ஆரம்பிக்கும். அந்த ரோட்டுல போறவங்க கொஞ்சம் மெதுவா போங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்போது மணி பதினொண்ணு தாண்டிருச்சு. 11 நிலை கோபுரம், 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில நாம பார்க்கிற கோபுரம் இதுதான்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்வாங்க.

ஆண்டாள் சன்னதியில கும்பிட்டுட்டு வடபத்ரசாயி கோயிலுக்குப் போகணும். நடுவுல அந்த நந்தவனம். பெரியாழ்வாருக்குத் துளசிச் செடிக்குப் பக்கத்துல ஆண்டாள் குழந்தையா கிடைச்ச இடம்னு சொல்வாங்க. வெயில் உச்சிக்கு வந்துட்டிருந்துச்சு. கல்லுல கால் வைக்க முடியல. நானும் அம்மாவும் நிழல் தேடி ஓடுறோம், ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலை வைக்கிறோம். அப்பா மட்டும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டு, ஆற அமர நடந்து வர்றார்.

"சுடலையாப்பா?"

"இதெல்லாம் எங்களுக்கு ஒரு சூடா? கரிசக்காட்டுல நடந்த காலு தாயி."

எனக்குப் பெருமையா இருந்துச்சு. அவர் நடந்து வர்றதை வீடியோ கூட எடுத்தேன்.

வெளிய வந்தா தெரு முழுக்க பால்கோவா கடை. 2019ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பசும்பாலும் சர்க்கரையும் மட்டும்தான், வேற ஒண்ணும் கிடையாது. விறகு அடுப்புல பெரிய சட்டியை வச்சுக் கிளறிக்கிட்டே இருப்பாங்க. சூடா வாங்கிச் சாப்பிட்டீங்கன்னா அந்த மணல் மாதிரி நறநறப்பு நாக்குல தெரியும், டப்பாவுல அடைச்சு ஃப்ரிட்ஜுல வச்சா அது போயிரும். அப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன் அளந்து கொடுத்தேன். வாங்கி வாயில போட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டார். ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்தேன், 212. "பரவால்ல, கொஞ்சம் நடங்க"ன்னேன். அட, நான்தான் சொன்னேன். நடங்கன்னு.

சிவகாசி 20 கிலோமீட்டர். கட்டிக்கிட்டுப் போன தயிர்சாதத்தை ஒரு வேப்பமரத்தடியில வச்சு சாப்பிட்டுட்டு ஊருக்குள்ள போனோம்.

மழை குறைஞ்ச பூமி. விவசாயத்தை நம்ப முடியாது. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை இல்லாத காய்ஞ்ச காத்துதான் இந்தத் தொழிலுக்கு வேணும். அந்த ஊருக்கு எது சாபமா இருந்துச்சோ அதையே தொழிலாக்கிட்டாங்க. தீப்பெட்டிக்குப் பின்னால பட்டாசு, அதுக்கெல்லாம் லேபிள் ஒட்டணுமேன்னு அச்சுத் தொழில். உங்க வீட்டுச் சுவர்ல தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குதே, அது பெரும்பாலும் இங்க அச்சடிச்சதாத்தான் இருக்கும். ஆடிப்பெருக்கு அன்னிக்கே அடுத்த வருஷ காலண்டர் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுருவாங்க. நாங்க போனப்போ அடுத்த வருஷத்துச் சாமி படங்கள் எல்லாம் கடையில வந்து உட்கார்ந்திருந்துச்சு.

அப்பா வேலை பார்த்த அச்சகம் இருந்த இடத்துல இப்போ செல்போன் கடை. அவர் கவலைப்பட்ட மாதிரி தெரியல. தெரு தெருவா நடந்தார். எங்க டீ குடிச்சார், எங்க சைக்கிள் விட்டார், எந்த மாடியில எட்டு பேர் ஒரே ரூம்ல தங்கினாங்கன்னு காட்டிக்கிட்டே வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்திருப்போம். ஒரு தடவை மிஷின்ல கை சுட்டப்போ மேஸ்திரி மை டப்பாவை எடுத்து அப்படியே ஊத்தினாராம். "ஊரே மை, வேற என்ன ஊத்துவாக?"ன்னு சிரிச்சார்.

(நீங்க ஊத்தாதீங்க. மை, பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேணாம். தீபாவளிக்குக் கை சுட்டுக்கிட்டா குழாயைத் திறந்து ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ரெண்டு நிமிஷம் இல்ல, இருபது. மையை ஊத்திட்டு வந்தா காயம் எவ்வளவு ஆழம்னு எங்களுக்குத் தெரியாமப் போயிரும்.)

சாத்தூர் ரோட்டுல பட்டாசு ஆலைங்க ஆரம்பிக்கும். நீங்க நினைக்கிற மாதிரி பெரிய பில்டிங் இருக்காது. கரிசல் காட்டுக்கு நடுவுல, தள்ளித் தள்ளி, சின்னச் சின்ன ரூம்கள். ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவக்கூடாதுன்னு அந்த இடைவெளி. முதலிப்பட்டின்னு ஒரு ஊர். 2012 செப்டம்பர் 5ம் தேதி அங்க நடந்த வெடி விபத்துல ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனாங்க. அதுல பல பேர் வேலையாளுங்க கூட இல்ல. சத்தம் கேட்டு என்னன்னு பார்க்கவும் உதவி பண்ணவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க.

கார் ஓட்டிக்கிட்டே எனக்கு ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம் ஞாபகம் வந்துருச்சு. தீக்காய வார்டுல எங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது ஒண்ணுதான். அலறுற பேஷன்ட்டைப் பார்த்து ரொம்பப் பயப்படாத, அவங்களுக்குத் தோலோட மேல் பக்கம்தான் வெந்திருக்கு, நரம்பு உயிரோட இருக்கு. அமைதியா படுத்திருக்கிறவங்ககிட்ட முதல்ல போ. ஒரு பொண்ணு, இருபது வயசு கூட இருக்காது. ரெண்டு கையும் வெந்திருந்துச்சு. "வலிக்குதாமா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, இந்த இடத்துல ஒண்ணும் தெரியல"ன்னு சொன்னா. அந்த இடம்தான் ஆழமா வெந்த இடம்.

இதை அப்பாகிட்ட அப்போ சொல்லிக்கிட்டேதான் வந்தேன். பின் சீட்டுல உட்கார்ந்து கேட்டுட்டு வந்தார்.

சாத்தூர்ல ரொம்ப நேரம் நிக்கல. காராச்சேவு ஒரு கிலோ, வெள்ளரிப்பிஞ்சு ஒரு கட்டு. பூண்டும் வத்தலும் தூக்கலா இருக்கிற சேவு, டீயோட ஒரு கை. பிரஷர் இருக்கிறவங்களுக்கு ஒரு கைதான். உப்பு அவ்வளவு இருக்கும்.

விருதுநகர் வந்தப்போ விளக்கு போட்டுட்டாங்க. காமராஜர் பிறந்து வளர்ந்த வீட்டை வாசல்ல நின்னு பார்த்துட்டு நேரா பரோட்டா. பர்மா கடையை எல்லாருக்கும் தெரியும், நாங்க போனது அது இல்ல, அப்பா சொன்ன ஒரு சின்னக் கடை. இந்த ஊர் பரோட்டாவைக் கல்லுல போட்டு எடுக்கிறது இல்ல, எண்ணெய்ல மிதக்க விட்டுப் பொரிப்பாங்க. எண்ணெய் மண்டி நிறைஞ்ச ஊரு, வேற எப்படிச் செய்வாங்க? வெளிய மொறுமொறுன்னு, உள்ள அடுக்கடுக்கா. பிச்சுப் போட்டு சால்னாவை மேல ஊத்தி, அது ஊறி முடியறதுக்குள்ள சாப்பிட்டுரணும்.

"அண்ணாச்சி, எண்ணெயை வடிச்சுப் போடுங்க"ன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்துட்டு அப்பாவைப் பார்த்தார். "டாக்டரம்மாவா?"ன்னு கேட்டார். அப்பா பதில் சொல்லாம மட்டன் சுக்கா ஒண்ணு சேர்த்துச் சொன்னார்.

மைதாவுல அலாக்சான் இருக்கு, அதனால சர்க்கரை வரும்னு உங்களுக்கும் வாட்ஸப் வந்திருக்கும். அலாக்சான்கிறது ஆராய்ச்சியில எலிக்கு ஊசி போட்டுச் சர்க்கரை வர வைக்கிற மருந்து. அந்த அளவு மைதாவுல கிடையாது, மனுஷனுக்கு அதனால சர்க்கரை வந்ததுக்கு ஆதாரமும் இல்ல. பரோட்டாவோட பிரச்னை ரொம்ப சாதாரணமானது: நார் இல்லாத மாவு, அதுக்கு மேல எண்ணெய், அதுக்கு மேல எண்ணிக்கை. நான் செஞ்சது இவ்வளவுதான். முதல்ல வெள்ளரிப்பிஞ்சும் சுக்காவும், அப்புறம் பரோட்டா, ரெண்டோட நிறுத்தம். ராத்திரி பார்த்தப்போ 231. அடுத்த நாள் காலையில வெறும் வயித்துல 134. நான் பயந்த அளவுக்கு ஒண்ணுமே ஆகல.

பத்து மணிக்கு வீடு. கார் கதவைத் திறந்து அம்மாதான் பார்த்தாங்க. அப்பா கால் வச்சிருந்த மேட்ல ஈரம். "தண்ணி பாட்டில் சாஞ்சிருச்சா?"ன்னு கேட்டாங்க.

பாட்டில் மூடிதான் இருந்துச்சு.

செருப்பைக் கழட்டச் சொன்னேன். இடது பாதத்துல, பெருவிரலுக்குக் கீழ, அஞ்சு ரூபாய் நாணயத்தை விடப் பெருசா ஒரு கொப்புளம். உடைஞ்சு தோல் விலகி நடுவுல சிவப்பா இருந்துச்சு. வலது காலுல இன்னொண்ணு, அது உடையல. பதினொண்ணரை மணிக்குக் கோயில்ல சுட்ட கால். அதோடயேதான் சிவகாசி தெரு எல்லாம் நடந்திருக்கார், நாள் முழுக்க. நான் விரலைக் குத்திக் குத்தி ரத்தத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு தடவை கூட பாதத்தைப் பார்க்கல.

தோல் வெந்து போறதுக்கு நெருப்பு வேணும்னு இல்ல. 44 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா வச்சா வேகும். 60 டிகிரின்னா சில விநாடி போதும். வெயில்ல கிடக்கிற கருங்கல் எங்க இருக்கும்னு நீங்களே பார்த்துக்குங்க. நமக்கு நரம்பு உடனே சொல்லிருது, குதிச்சு ஓடிருறோம். வருஷக்கணக்கா சர்க்கரை இருந்தா முதல்ல நரம்பு எரிச்சல்னு கத்தும். அப்புறம் சில பேருக்கு அந்தக் கத்தல் நின்னு போகும். குணமாகி நிக்கிறதும் உண்டு, நரம்பே செத்து நிக்கிறதும் உண்டு. எதுன்னு தொட்டுப் பார்த்தாதான் தெரியும். நான் என் அப்பாவுக்குத் தொட்டுப் பார்க்கல. கிளினிக்குல தினம் பத்து பேருக்குப் பார்க்கிறேன்.

அன்னிக்கு ராத்திரி பார்த்தேன். பத்து கிராம் அழுத்தத்துல வளையற ஒரு நைலான் இழை, அதால பாதத்துல சில இடத்துல தொட்டு, தெரியுதான்னு கேக்கணும். அப்பா கண்ணை மூடிக்கிட்டார். தொடத் தொட "ம்"னு சொல்லணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாவது இடம் தொட்டு முடிச்சப்போ அவர் கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலையா தாயி?"

காயம் ஆற அஞ்சு வாரம் ஆச்சு. டிடி ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு, காலை ஊனாம இருக்க விசேஷச் செருப்பு. உடையாத கொப்புளத்தை உடைக்கவே இல்ல, அதுவா வத்திருச்சு. நல்லவேளையா ரத்த ஓட்டம் சரியா இருந்துச்சு. அது இல்லாம, சீழ் வச்சு, விரலை எடுக்கிற நிலைமையில வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்களும் "வலியே இல்லயே டாக்டர்"னுதான் சொல்வாங்க.

சர்க்கரை உள்ளவங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு நான் சொல்லல. காலையில சீக்கிரம் போங்க, இல்ல வெயில் தாழ்ந்து போங்க. நார் விரிப்பு போட்டிருந்தா அது மேலயே நடக்கச் சொல்லுங்க. கெட்டியான காட்டன் சாக்ஸ் ஒரு ஜோடி பையில இருக்கட்டும். செருப்பைப் போடுறதுக்கு முன்னாடி உள்ள கை விட்டுப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட பாதத்தைக் காட்டுங்க, அவர் கேக்கலைன்னாலும் நீங்க காட்டுங்க. ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் யாராவது பாருங்க. தனியா இருக்கிறவங்க ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில வச்சுப் பார்த்துக்கலாம்.

எங்க வீட்டுல இப்போ அது அம்மாவோட வேலை. ஒன்பதரை சீரியல் முடிஞ்சதும் டார்ச்சை எடுத்துக்கிட்டு வந்துருவாங்க. அப்பா ஸ்டூல்ல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, அடுத்த தடவை சாத்தூர்ல அரை மணி நேரம் சேர்த்து நிக்கணும்னு திட்டம் போட்டுக்கிட்டிருக்கார்.