தபாலில் வந்த கையொப்பங்கள்

பொருள்களைத் தேடிச் சேர்த்து வைத்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்த ஆசைகளுள் ஒன்று. சிலர் தபால் தலைகளைச் சேர்ப்பர். சிலர் பழங்காசுகளைச் சேர்ப்பர். யான் பள்ளிப் பருவத்தில் சேர்த்தவை கிரிக்கெட் வீரரின் கையொப்பங்கள். கார்த்திகைத் தீபத்திற்கு இலட்சக்கணக்கானோர் திரளும் ஊரே திருவண்ணாமலை. ஆயினும் வீரரைக் காண வேண்டுமாயின் சென்னைச் சேப்பாக்கத்திற்கன்றோ செல்லல் வேண்டும்? அதற்கு வசதியில்லாத எனக்குத் தபால்காரரே துணையாயினார்.

இவ்வழக்கம் அமெரிக்க நாட்டில் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டைகளில் அங்குள்ளார் பேஸ்பால் ஆட்டக்காரரின் படங்களை அச்சிட்டனர். பின்னர் சூயிங்கத்துடனும் அவை வந்தன. சிறுவர் அவ்வட்டைகளை வீரருக்கே அனுப்பிக் கையொப்பம் பெறுவாராயினர். இங்கிலாந்தில் ஜான் பிளேயர் கம்பெனியார் 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் கிரிக்கெட் வீரரின் படங்களை இங்ஙனம் வெளியிட்டனர். எனக்குக் கிடைத்தவையோ மிட்டாயுடன் வந்த படங்களும், பத்திரிகையிற் கத்தரித்து அட்டையில் ஒட்டியவையுமே. 1987 அக்டோபரில், உலகக் கோப்பைப் போட்டியில், சேப்பாக்கத்தில் நம்மவர் ஆஸ்திரேலியரிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றனர். அன்று முதல் என் ஆசை முற்றிற்று.

முறை எளிது. ஒரு பக்கத்திற்கு மேற்படாத கடிதம், ஒரு படம், மடங்காதிருக்க ஒரு தடித்த அட்டை, என் விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய மறு உறை. இவற்றை அனுப்பிவிட்டுக் காத்திருத்தலே வேலை. அறுபது கடிதங்கள் எழுதினேன். பத்தொன்பதுக்கு விடை வந்தது. ஒன்று பதினான்கு மாதங் கழித்து வந்தது! வந்தவை யாவும் மெய்யல்ல. ரப்பர் முத்திரையின் மை எங்கும் ஒரே சீராயிருக்கும்; பேனாவால் எழுதியதோ ஓரிடத்து அழுந்தியும் ஓரிடத்து மெலிந்தும் செல்லும். பந்துமுனைப் பேனாவாயின், அட்டையின் பின்புறத்தைத் தடவினால் எழுத்தின் தடம் விரலுக்குத் தட்டுப்படும்.

இங்ஙனம் பிறர் கையெழுத்தை ஆராய்ந்த என் வீட்டில் கையொப்பமிட வல்லார் ஒருவருமிலர். தந்தையார் முன்னரே காலமானார். அன்னையார் எழுத்தறியாதவர். என் தேர்ச்சிப் பத்திரத்தில் பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் அவருடைய பெருவிரல் ரேகையே இருக்கும். உடன் பயின்றோர் நகைப்பர். அதற்கு அஞ்சி யான் அப்பத்திரத்தை மடித்தே நீட்டுவேன். வீரரின் படங்களையோ விரித்துக் காட்டுவேன். ஒருநாள் அன்னையார், "அவர் பேரை அவர் எழுதி அனுப்பினால் உனக்கு என்னடா லாபம், தம்பி?" என வினவினார். விடை சொல்ல அறியாது நின்றேன்.

பெரியோர் இதற்குப் பலவாறு மதிப்பளித்துள்ளனர். காந்தியடிகள் தம் கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் பெற்று ஹரிஜன நிதியிற் சேர்த்தார். 1933-34இல் இந்தியா வந்த எம்.சி.சி. குழுவினர் பதினாறு பேரும் கையொப்பமிட்ட ஏட்டை, விஜய் மெர்ச்சண்ட் என்னும் வீரரின் சகோதரி லட்சுமி அவரிடம் நீட்ட, அவர் பதினேழாம் ஆட்டக்காரராகத் தம் பெயரையும் எழுதினார் என்பர்.

எங்கள் ஊரிற் வாழ்ந்த இரமண மகரிஷிகளோ கையொப்பமே இட்டாரல்லர். மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பள்ளியிற் பயின்ற அவர், 1896 ஆகஸ்டு 29இல் வீட்டை விட்டுப் புறப்படுங்கால் எழுதி வைத்த கடிதத்தின் இறுதியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டுமே உண்டு. பின்னாளில் ஆச்சிரம நிர்வாகத்தைக் குறித்து எழுந்த உயிலிலும் அவர் ஒரு கோடே இழுத்தார். எழுதவல்ல ஒருவர் பெயரை வேண்டாவென விடுத்தார். அந்தக் கோட்டை அறிந்தபின், அன்னையாரின் ரேகையைக் கண்டு நாணுதற்கு எனக்குக் காரணம் தோன்றவில்லை.

ஆயினும் அன்னையார் தம் பெயரை விடுக்க விரும்பினாரல்லர், பெறவே விரும்பினார். 1990களில் தமிழகத்தில் பரவிய அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பிற்கு, கூலிவேலை முடித்து வந்து, களைப்போடு சென்றார். நான்கு மாதங்களில் தம் பெயரின் ஐந்து எழுத்துக்களையும் எழுதக் கற்றார். முதன்முதல் பிழையின்றி எழுதிய நாளில் என்னிடம் அட்டை ஒன்று கேட்டு வாங்கி அதில் எழுதித் தந்தார். அழுத்தி எழுதியமையால் ஓரெழுத்தில் அட்டை கிழிந்துபோயிற்று.

அன்று அவர் வினாவிற்கு விடை கண்டேன். கையொப்பத்திற் பெறுவது பெயரன்று. முன்பின் அறியாத சிறுவன்பொருட்டு ஒருவர் பேனாவை எடுத்த அந்த ஒரு கணமே அது. என் அன்னையார் எனக்களித்ததோ நான்கு மாத இரவுகள்! அவர் இன்றில்லை. மாணவ நண்பர்களே! தொலைவிலுள்ள வீரருக்குத் தாராளமாக எழுதுங்கள்; மறு உறை வைக்க மறவாதீர்கள். அதற்கு முன் உங்கள் வீட்டிலுள்ளாரிடம் ஓர் அட்டையை நீட்டுங்கள். அதற்குத் தபால் தலையும் வேண்டா.