இரண்டாவது கேள்வி

அயர்லாந்துக்கு வந்த புதிதில் வாட்டர்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு வேலை கிடைத்தது. மனைவி செவிலியர். அவளுக்குக் கிடைத்த விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். முதல் வாரம், ஒரு பெரியவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய்த் திரும்பப் படுக்க வைத்தேன். போர்வையை இழுத்துவிடும்போது கேட்டார்.

"எங்க குடியிருக்கே?"

தெருப் பெயரைச் சொன்னேன்.

"அது எந்தப் பாரிஷ்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

விழுப்புரம் பக்கம் எங்கள் கிராமம். பஸ்ஸில், கல்யாண வீட்டில், வேலைக்குப் போன இடத்தில், புதிதாகப் பழகுகிறவர் முதலில் "எந்த ஊருப்பா?" என்பார். சொல்வேன். "அட, அங்கதான் எங்க அத்தைய குடுத்திருக்கு" என்று முகம் மலரும். அடுத்து இரண்டாவது கேள்வி வரும். "ஊரா, காலனியா?" சில பேர் நாசூக்காக, "மாரியம்மன் கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். பதிலைப் பொறுத்து அந்த மலர்ந்த முகம் அப்படியே இருக்கும் அல்லது மாறும்.

நாங்கள் காலனி. ரேஷன் கார்டில் கிராமத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் பேச்சில் 'ஊர்' என்ற சொல் எங்களுடையது அல்ல. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மளிகைக் கடைக்குப் போகும்போது அம்மா, "ஊருக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்பாள். பிறந்து வளர்ந்த கிராமத்திலேயே ஊருக்குப் போய் வருகிறவர்கள் நாங்கள். அதனால்தான் இரண்டாவது கேள்வி என்றாலே எனக்கு வயிறு கலங்கும்.

"பாரிஷ் தெரியல" என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும். பாலிகன்னர். நீ எனக்கு எதிரி."

அவர் தெற்கு கில்கென்னிக்காரர், பாலிஹேல் பக்கத்து விவசாயி. இரண்டு இடங்களுக்கும் இடையே காரில் அரை மணி நேரம்தான், ஆனால் கவுன்டி வேறு. எதிரி என்று அவர் சொன்னது ஹர்லிங் கணக்கில் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

ஹர்லிங்கை இங்கே பார்க்காதவர்களுக்கு விளக்குவது கடினம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் ஆஷ் மரத்தில் செதுக்கிய, அடி அகன்ற மட்டை. அதன் பெயர் ஹர்லி. பந்து சின்னது, உள்ளே தக்கை, மேலே தோல், தையல் விளிம்புகள் புடைத்திருக்கும். ஸ்லிட்டர் என்பார்கள். தரையில் அடிக்கலாம், பறக்கும்போதே அடிக்கலாம், மட்டை நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டே ஓடலாம். கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஸ்கோரை 1-19 என்று எழுதினால் ஒரு கோல், பத்தொன்பது புள்ளி, ஆக 22. தலைக்கவசம் 2010இலிருந்துதான் கட்டாயம். அதற்கு முன்பு ஆடியவர்களின் பற்களையும் மூக்கையும் பார்த்தாலே வயதைச் சொல்லிவிடலாம் என்பார் பெரியவர்.

இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. 1884இல் தர்லஸ் என்ற சிற்றூரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய ஜிஏஏ அமைப்பு இன்றுவரை ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவதில்லை. குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார், குழாய் ரிப்பேருக்கு வருவார். கவுன்டி அணிகளின் போட்டிதான் பெரியது, கூட்டமும் அதற்குத்தான். ஆனால் பெரியவருக்கு அது இரண்டாம்பட்சம். "கவுன்டிங்கறது கோடு போட்டது. கிளப்தான் ஊரு."

கிளப்புகளுக்கான அகில அயர்லாந்துப் போட்டி 1970-71இல் தொடங்கியது. கிளப் முதலில் தன் கவுன்டியில் வெல்ல வேண்டும், பிறகு மாகாணத்தில், பிறகு அரையிறுதி, இறுதி. பல ஆண்டுகள் இறுதி ஆட்டம் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில்தான் நடந்தது. 2020இலிருந்து தேதி மாறிவிட்டது. அதைப் பேசினாலே பெரியவருக்குக் கோபம் வரும். பாலிஹேல் சில நூறு பேர் வசிக்கும் கிராமம். 1981இல் முதல் முறை வென்றபோது அணியில் ஃபென்னலி வீட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் ஏழு பேர். 2020க்குள் எட்டு முறை வென்றிருந்தது.

நீ எந்த கிளப்புக்கு ஆடுவாய் என்பதை நீயோ பணமோ தீர்மானிப்பதில்லை. பெரும்பாலும் வசிக்கும் பாரிஷ்தான் தீர்மானிக்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சாதாரணமாக, "பாரிஷ்னா பங்குதானே. எங்க வீட்ல எல்லாரும் எந்தப் பங்குன்னுதான் கேப்பாங்க" என்றாள். அவள் கத்தோலிக்கக் குடும்பம். பங்கு என்ற சொல்லின் இன்னொரு பொருள் எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நல்லாருக்கே, குடியிருந்தா பங்கு உண்டு" என்றேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "எங்க பங்குலயும் கல்லறைத் தோட்டம் ரெண்டு இருந்துச்சு, மறந்துடாதீங்க" என்றாள்.

மகனை ஏழு வயதில் கிளப்பில் சேர்த்தோம். நாங்கள் சேர்த்தோம் என்பதுகூடச் சரியில்லை. பக்கத்து வீட்டுப் பிளம்பர், சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், ஒரு சனிக்கிழமை வந்து மகனின் இடுப்புக்கு நேரே ஒரு ஹர்லியை நிறுத்தி உயரம் பார்த்துவிட்டு, "இது சரியா இருக்கும், பத்து மணிக்கு வந்துடு" என்று சொல்லிப் போனார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு கேள்விக்காகக் காத்திருந்தேன் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு முழுக்க அண்ணன் ஞாபகம். பெரியப்பா மகன். எங்கள் காலனியில் அவனைப் போலக் கபடியில் ரெய்டு போகிறவன் இல்லை. காலனிக்குத் தனி அணி, ஊருக்குத் தனி அணி. போட்டி நோட்டீஸில் கிராமத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை ஊர் அணிக்குத்தான். நாங்கள் தலைவர் பெயரை வைத்துக்கொள்வோம். ஒரு பொங்கலுக்கு, பக்கத்து ஊர்ப் போட்டிக்குக் கிளம்பும்போது ஊர் அணியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டார்கள். நானும் டிராக்டரில் தொற்றிக்கொண்டேன். இறுதி ஆட்டத்தில் கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தான். மைக்கில் கிராமத்தின் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். வரும் வழியெல்லாம் "நம்ம ஊரு பையன்" என்று தோளில் தட்டிக்கொண்டே வந்தார்கள். காலனித் திருப்பம் வந்ததும் டிராக்டர் வேகத்தைக் குறைத்தது. யாரும் இறங்கு என்று சொல்லவில்லை. அண்ணன் தானாக இறங்கிக்கொண்டான், நானும் இறங்கினேன். கோப்பையோடு டிராக்டர் ஊருக்குள் போனது. கோயிலில் வைத்துப் பூசை செய்ததாக மறுநாள் சொன்னார்கள். அந்தக் கோப்பையை அண்ணன் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

அயர்லாந்தைப் புனிதமாக்க இதைச் சொல்லவில்லை. இங்கே டிராவலர்கள் என்ற சமூகம் உண்டு. தலைமுறைகளாக நாடோடிகளாக வாழ்ந்தவர்கள். இந்த மண்ணின் மக்கள்தான். அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றது 2017இல்தான். ஒருநாள் பெரியவரின் அறைத் தொலைக்காட்சியில் அவர்களைப் பற்றிய செய்தி ஓடியது. "அவங்களுக்கு ஏது பாரிஷ்?" என்றார். என் கையைப் பிடித்து எழுந்துகொண்டே சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. காலனித் திருப்பம் இங்கும் எங்கோ இருக்கிறது, என் வழியில் அது வரவில்லை என்று மட்டும் தோன்றியது.

பிறகு அதுவும் வந்தது. வெளியூரில் பதினோரு வயதுக்குட்பட்டோர் ஆட்டம். எதிரணிப் பையன் ஒருவன் மகனிடம், "உன் சொந்த இடத்துக்குப் போ" என்றிருக்கிறான். பிளம்பர் காதில் அது விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தினார், எதிரணிப் பயிற்சியாளரிடம் போய்ப் பேசினார், அந்தப் பையன் வந்து கை கொடுத்தான். திரும்பும் வழியில் காரில் கேட்டேன்.

"நீ என்னடா சொன்ன?"

"நான் பாலிகன்னர்னு சொன்னேம்பா. நீ எந்த ஊருன்னு அவனக் கேட்டேன்."

எனக்குச் சாலை கொஞ்சம் மங்கியது. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் பயப்படாமல் நின்றவன் எங்கள் குடும்பத்தில் இவன்தான் முதல் ஆள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் எச்சரித்து வைக்காமல் விட்டுவிட்டேனோ என்ற பயமும் கூடவே இருந்தது. இன்றும் இருக்கிறது.

2022 பிப்ரவரி 12, குரோக் பார்க். இறுதி ஆட்டத்தில் பாலிகன்னரும் பாலிஹேலும். பாலிகன்னர் 2014 முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வாட்டர்ஃபோர்டில் வென்ற கிளப். ஆனால் கவுன்டிக்கு வெளியே தோற்றுத் தோற்றுத் திரும்பியது. வாட்டர்ஃபோர்டிலிருந்து எந்த கிளப்பும் அதுவரை இந்தக் கோப்பையை வென்றதில்லை. பாலிஹேலுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பையின் வாய்ப்பு. அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் டிஜே ரீட் அடித்த ஃப்ரீ கோலானதால் தப்பி வந்தவர்கள்.

மகனோடு மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அறுபது நிமிடம் முடிந்து கூடுதல் நேரமும் கரைந்துகொண்டிருந்தது. பாலிஹேல் 1-19, பாலிகன்னர் 1-17. இரண்டு புள்ளி பின்னால். முன்வரிசையில் ஒருவர் எழுந்து கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டார். மாற்று வீரராக இறங்கியிருந்த ஹாரி ரடிலிடம் பந்து வந்தது. புள்ளி போதாது, கோல்தான் வேண்டும். தூரத்திலிருந்தே அடித்தார். பந்து வலையில் ஆடியதைப் பார்த்தேனே தவிர, போனதைப் பார்க்கவில்லை. 2-17, அதாவது 23. எதிரே 22. கோட்டு மாட்டியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. நான் தமிழில் என்னவோ கத்தினேன். "ஊ..." என்று வாய் வந்து நின்றது. மகன் அந்தச் சொல்லை முடித்தான். "எங்க ஊருப்பா!"

மறுநாள் இரவு வேலைக்குப் போனபோது பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாத்திரையை நீட்டினேன். "பத்து விநாடி," என்றார். வாங்கி விழுங்கிவிட்டு, "உன் பையன் வந்திருந்தானா?" என்றார். வந்திருந்தான் என்றேன். "நல்லது. சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருப்பான்."

சில வாரங்களில் டாமி மூர் கோப்பை மகனின் பள்ளிக்கு வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவனுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது, முழங்கால் போய்விட்டது, ஆட்டோ ஓட்டுகிறான். உடனே வீடியோவில் அழைத்தான். என்ன ஆட்டம், எத்தனை பேர், மட்டை எதற்கு என்றெல்லாம் கேட்பான் என்று விளக்கத் தயாராக இருந்தேன். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, புள்ள கையில அவங்களே குடுத்தாங்களா?"

"ஆமாண்ணே."

"எவ்ளோ நேரம் வெச்சிருந்தான்?"